லிம்ஃபோமாவும் உடல் எடையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லிம்ஃபோமா எனப்படும் நிணநீர்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சை தொடங்கும் நாளில், ஊசி போடுவதற்கு முன்பே நோயாளியை எடைக்கருவியில் நிறுத்துகிறார்கள். அந்த எண்ணைக் கொண்டுதான் மருந்தின் அளவு கணக்கிடப்படுகிறது. அதே எண் நோயாளியின் மனத்தில் வேறு கேள்விகளை எழுப்புகிறது. பருமனாக இருப்பதால் ஆபத்து கூடுமா, மெலிந்து வருவது கெட்ட அறிகுறியா, எடையைக் குறைத்தால் பிழைக்கும் வாய்ப்பு உயருமா என்ற இக்கேள்விகளுக்கு, மருத்துவ ஆய்வுகள் உறுதியாகச் சொல்லும் அளவுக்குள் நின்று இங்கே விடை தரப்படுகிறது. ஒவ்வொருவருடைய நோயும் வேறு என்பதால், சிகிச்சை பற்றிய முடிவுகளை அவரவர் மருத்துவரிடமே எடுக்க வேண்டும்.

நோய் கண்டறியப்பட்ட நாளில் இருக்கும் எடையை வைத்து எவ்வளவு காலம் வாழ்வேன் என்று கணிக்க முடியுமா?

முடியாது. தீவிரமாக வளரும் லிம்ஃபோமாக்களின் போக்கைக் கணிப்பதற்காக 1993-இல் உருவாக்கப்பட்டு இன்றும் பயன்படும் பன்னாட்டு முன்கணிப்புக் குறியீடு ஐந்தே காரணிகளைக் கணக்கில் கொள்கிறது. வயது 60-ஐக் கடந்திருப்பது, ரத்தத்தில் எல்.டி.எச். என்ற நொதியின் அளவு உயர்ந்திருப்பது, நோயின் நிலை முற்றியிருப்பது, நிணநீர் முடிச்சுகளுக்கு வெளியே ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் நோய் பரவியிருப்பது, அன்றாட வேலைகளைத் தானே செய்துகொள்ளும் திறன் குறைந்திருப்பது ஆகியவையே அந்த ஐந்து. எடையும் உயரமும் அதில் இடம்பெறவில்லை.

ஆனால் எடை எந்தத் திசையில் நகர்கிறது என்பது வேறு செய்தி. ஆறு மாதங்களுக்குள், முயற்சி எதுவும் செய்யாமலே, உடல் எடையில் 10 விழுக்காட்டுக்கு மேல் குறைந்திருந்தால், விட்டுவிட்டு வரும் காய்ச்சல், படுக்கை நனையும் அளவுக்கு இரவில் வியர்ப்பது ஆகியவற்றோடு அதையும் சேர்த்து “பி அறிகுறிகள்” என்று மருத்துவர்கள் குறிக்கிறார்கள். 1971-இல் அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகரில் வகுக்கப்பட்ட, நோய் எந்த நிலையில் உள்ளது என்று பிரிக்கும் முறையிலேயே இது உண்டு. எழுபது கிலோ என்ற எண் தனியாக எதையும் சொல்வதில்லை. ஆறு மாதங்களுக்கு முன் எண்பது கிலோவாக இருந்தவர் இன்று எழுபது கிலோ என்றால், அது நோயைப் பற்றிய தகவல்.

பருமனான லிம்ஃபோமா நோயாளிகள் அதிகக் காலம் வாழ்கிறார்கள் என்று ஓர் ஆய்வு சொல்வதாகப் படித்தேன். அது உண்மையா?

அப்படி ஓர் ஆய்வு இருக்கிறது. பரவிய பெரிய பி-செல் லிம்ஃபோமா என்ற, வேகமாக வளரும் வகையால் பாதிக்கப்பட்ட அமெரிக்க முன்னாள் படைவீரர்கள் 2,500-க்கும் மேற்பட்டோரின் பதிவுகளை ஆராய்ந்து 2012-இல் வெளியான அந்த ஆய்வில், இயல்பான எடை கொண்டவர்களைவிடக் கூடுதல் எடையுடையவர்களும் பருமனானவர்களும் குறைவாகவே இறந்திருந்தார்கள். “உடல் பருமன் முரண்” என்று மருத்துவ உலகம் இதை அழைக்கிறது. இதய நோயிலும் சிறுநீரக நோயிலும் இதே போன்ற முரண் முன்பே பேசப்பட்டிருந்தது.

இந்த ஒரு முடிவை மட்டும் படித்துவிட்டு நிறுத்திக்கொள்வது சரியல்ல. அதில் இடம்பெற்றவர்களில் மிகப் பெரும்பாலானோர் ஆண்கள். அதற்கு இரண்டாண்டுகள் முன்பு, 2010-இல் வெளியான மற்றோர் அமெரிக்க ஆய்வில், ஹாட்ஜ்கின் அல்லாத லிம்ஃபோமா (பரவிய பெரிய பி-செல் வகையும் அடங்கிய பெரும்பிரிவு) கொண்ட பருமனானவர்களின் உயிர்வாழ்வு குறைவாக இருந்தது. மருத்துவச் சோதனைகளில் ஒரே முறையான சிகிச்சை பெற்றவர்களின் தரவுகளை ஆராய்ந்து 2014-இல் வெளியான பகுப்பாய்விலோ, உடல் நிறைக்கும் சிகிச்சையின் விளைவுக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பே தென்படவில்லை. ஒரே கேள்விக்கு மூன்று விதமான விடைகள் வந்திருக்கின்றன.

இவற்றுள் மூன்றாவதற்கே கூடுதல் மதிப்புத் தர வேண்டும் என்பது இதை எழுதுபவரின் கருத்து. மருத்துவச் சோதனையில் மருந்தின் அளவு, மருந்து தரப்படும் சுழற்சிகளின் எண்ணிக்கை, கண்காணிப்பு எல்லாம் வரையறுக்கப்பட்டவை. அங்கே வேறுபாடு மறைந்துவிடுகிறது என்றால், வெளியே தெரிந்த வேறுபாட்டின் பெரும்பகுதி கொழுப்பால் வந்ததன்று, மற்ற காரணங்களால் வந்தது என்று கொள்வதே பொருத்தம்.

அப்படியானால் அந்த முரண் எப்படித் தோன்றுகிறது?

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 170 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவர் ஓராண்டுக்கு முன் 80 கிலோ எடையுடன் இருந்தார். உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் உடல் நிறை குறியெண் அவருக்கு அப்போது 27.7; அதாவது கூடுதல் எடைப் பிரிவு. லிம்ஃபோமா உள்ளுக்குள் வளர்ந்து, பசி குன்றி, ஆறு மாதங்களில் 12 கிலோ இழந்த பிறகே அவர் மருத்துவரிடம் வருகிறார். 68 கிலோ எடையில் அவருடைய குறியெண் 23.5. ஆய்வாளரின் அட்டவணையில் அவர் “இயல்பான எடை” என்ற பத்தியில் சேர்க்கப்படுகிறார். உண்மையில் அவர் உடல் எடையில் 15 விழுக்காட்டைப் பறிகொடுத்த, தீவிரமான நோய் கொண்ட மனிதர். இப்படிப்பட்டவர்கள் பலர் அந்தப் பத்தியில் சேரும்போது அங்கே இறப்பு கூடுகிறது. அதற்கு அடுத்த பத்தியில் இருப்பவர்களோ நோய் இன்னும் எடையைத் தின்னத் தொடங்காதவர்கள். இதனால் கொழுப்பு உயிரைக் காத்தது போன்ற தோற்றம் உண்டாகிறது. உண்மையில் விளைவைக் காரணமாகப் படித்துவிடுகிறோம்.

இன்னொரு பக்கமும் உண்டு. பருமனோடு வரும் வேறு நோய்களுக்காக அடிக்கடி மருத்துவரைப் பார்ப்பவர்களுக்கு லிம்ஃபோமா சற்று முன்னதாகவே கண்டறியப்படலாம். புகைபிடிப்பவர்கள் பொதுவாக மெலிந்திருப்பதும் ஒல்லியானோர் பிரிவின் இறப்பைக் கூட்டிக் காட்டும். பல வார கால சிகிச்சையில் உணவு குறையும்போது உடலுக்குச் சேமிப்பு இருப்பது உதவக்கூடும் என்ற விளக்கத்தையும் முற்றிலும் தள்ளிவிட முடியாது.

ஆய்வகச் சான்று எதிர்த் திசையிலும் நிற்கிறது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். லிம்ஃபோமாவின் நெருங்கிய உறவான லுகேமியா என்ற ரத்தப் புற்றுநோயை எலிகளில் உண்டாக்கிப் பார்த்த சோதனையில், பருத்த எலிகளிடம் வின்கிரிஸ்டின் மருந்து குறைவாகவே வேலை செய்தது. கொழுப்புச் செல்கள் புற்றுச் செல்களுக்குப் புகலிடம் தந்தன. கொழுப்பு நண்பன் என்று முடிவு கட்டுவோர் இதற்கும் விடை சொல்ல வேண்டும்.

உடல் நிறை குறியெண்ணை எந்த அளவுக்கு நம்பலாம்?

கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது இக்குறியெண். 18.5-க்குக் கீழ் எடைக் குறைவு, 25 முதல் கூடுதல் எடை, 30 முதல் உடல் பருமன் என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது. ஆசிய மக்களுக்கு 23-ஐயும் 27.5-ஐயும் கவனிக்க வேண்டிய எல்லைகளாக அந்நிறுவனத்தின் வல்லுநர் குழு 2004-இல் குறிப்பிட்டது. 19-ஆம் நூற்றாண்டில் மக்கள் கூட்டத்தின் சராசரியை அறிய கெட்லே என்ற பெல்ஜியப் புள்ளியியலாளர் வகுத்த கணக்கு இது. தனி ஒரு நோயாளிக்காக உருவானதன்று. தசையையும் கொழுப்பையும் நீரையும் இது பிரித்துப் பார்ப்பதில்லை. வயிற்றில் நீர் கோத்த நோயாளியின் எடையும், கால் வீங்கியவரின் எடையும், பெரிய கட்டியைச் சுமப்பவரின் எடையும் இதில் அப்படியே சேர்ந்துவிடும்.

எடையைவிடத் தசைதான் முக்கியம் என்கிறார்களே, ஏன்?

இந்தத் துறையில் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் தெளிவாகியிருக்கும் பயனுள்ள செய்தி இதுவே. வயது முதிர்ந்த, பரவிய பெரிய பி-செல் லிம்ஃபோமா நோயாளிகளை ஆராய்ந்த ஆய்வுகளில், சார்கோபீனியா என்ற தசைக் குறைவு உள்ளவர்களின் உயிர்வாழ்வு மற்றவர்களைவிடக் குறைந்தே காணப்பட்டது. தசை என்பது உடலின் புரதக் கிடங்கு. தொற்று வந்தால் எதிர்ப்புப் பொருள்களை உருவாக்கவும், புண் ஆறவும், இருமிச் சளியை வெளியேற்றவும், படுக்கையிலிருந்து எழுந்து நடக்கவும் அதுவே தேவை. அது குறைந்தவருக்கு அதே அளவு மருந்து கூடுதலான பக்கவிளைவைத் தரலாம். அதனால் சுழற்சிகள் தள்ளிப்போகும், மருந்தளவு குறைக்கப்படும், நோயின் மீதான பிடி தளரும்.

இதை அளப்பதற்குத் தனிப் பரிசோதனை தேவையில்லை. நோயின் நிலையை அறிய ஏற்கெனவே எடுக்கப்படும் சி.டி. அல்லது பெட்-சி.டி. ஸ்கேனில், இடுப்புப் பகுதியின் மூன்றாவது முள்ளெலும்பு மட்டத்தில் தெரியும் தசையின் பரப்பை அளந்து உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் போதும். வழக்கமான அறிக்கைகளில் இந்த எண் வருவதில்லை என்பது வருத்தத்துக்குரியது. படம் கையில் இருக்கிறது; அதைப் படிப்பதற்குத்தான் யாரும் கேட்பதில்லை.

பருமனான உடலுக்குள்ளும் தசைக் குறைவு ஒளிந்திருக்கும். வெளியே திரண்ட உடம்பு, உள்ளே மெலிந்த தசை என்ற இந்தச் சேர்க்கையைக் கண்ணால் கண்டுபிடிப்பது கடினம், எடைக்கருவியும் காட்டாது. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழ முடியாமை, நடையின் வேகம் குறைதல், கைப்பிடி தளர்தல் ஆகியவை எளிய அடையாளங்கள். ரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் குறைந்திருப்பதும் கவனிக்கத் தக்கது. அது ஊட்டக் குறைவை மட்டுமன்றி உடலில் நடக்கும் அழற்சியையும் காட்டுகிறது.

என் எடையை வைத்து மருந்தளவை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? பருமனானவர்களுக்கு மருந்தைக் குறைப்பது பாதுகாப்பானதா?

பெரும்பாலான கீமோதெரபி மருந்துகள் உடல் பரப்பளவின்படி தரப்படுகின்றன. சென்டிமீட்டரில் உயரத்தையும் கிலோவில் எடையையும் பெருக்கி, 3,600-ஆல் வகுத்து, வர்க்கமூலம் கண்டால் சதுர மீட்டரில் பரப்பளவு கிடைக்கும். 170 சென்டிமீட்டர் உயரமும் 70 கிலோ எடையும் உள்ளவருக்கு அது ஏறத்தாழ 1.82, அதே உயரத்தில் 110 கிலோ உள்ளவருக்கு 2.28.

பரவிய பெரிய பி-செல் லிம்ஃபோமாவுக்கு நெடுங்காலமாக அடிப்படைச் சிகிச்சையாக விளங்கும் ஆர்-சாப் என்ற கூட்டுமருந்து முறையில், ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் டாக்சோரூபிசின் 50 மில்லிகிராம், சைக்ளோபாஸ்ஃபமைட் 750 மில்லிகிராம், ரிட்டுக்சிமாப் 375 மில்லிகிராம் என்பது அளவு. மேலே சொன்ன இரண்டாமவருக்கு டாக்சோரூபிசின் 114 மில்லிகிராம் வர வேண்டும். “இவ்வளவு பெரிய அளவா” என்ற தயக்கத்தில் பரப்பளவை 2.0-க்கு மேல் எடுத்துக்கொள்ளாமல் நிறுத்தினால் அவருக்குக் கிடைப்பது 100 மில்லிகிராம் மட்டுமே. அதாவது ஒவ்வொரு சுழற்சியிலும் 12 விழுக்காடு குறைவு. குணப்படுத்தக்கூடிய ஒரு நோயில் இந்தக் குறைப்பு அற்பமானதன்று.

அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் சங்கம் 2012-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதைத் தெளிவாகச் சொல்கிறது. குணப்படுத்தும் நோக்குடன் தரும் சிகிச்சையில், பருமனானவர்களுக்கும் உண்மையான எடையின்படி முழு அளவையே தர வேண்டும். அப்படித் தருவதால் பக்கவிளைவு கூடுவதாகச் சான்று இல்லை. 2021-இல் அவ்வழிகாட்டுதல் புதுப்பிக்கப்பட்டு, புதிய மருந்துகளுக்கும் விரிவாக்கப்பட்டது. சிறுநீரகம், கல்லீரல், இதயம் ஆகியவற்றின் நிலையால் அளவைக் குறைப்பது வேறு; எடையைக் கண்டு அஞ்சிக் குறைப்பது வேறு. பருமனானவர்களின் உயிர்வாழ்வு சில பழைய ஆய்வுகளில் குறைவாகத் தெரிந்ததற்கு, அவர்களுக்குக் குறைத்துத் தந்த மருந்தும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

ஆர்-சாப்பில் அடங்கும் இன்னொரு மருந்தான வின்கிரிஸ்டின் மட்டும் விதிவிலக்கு. கணக்குப்படி சதுர மீட்டருக்கு 1.4 மில்லிகிராம் என்றாலும், நரம்புகளைப் பாதிக்கும் என்பதால் வழக்கமாக 2 மில்லிகிராமுக்கு மேல் தருவதில்லை. பரப்பளவு 1.43-ஐத் தாண்டும் எவரும் இந்த உச்சவரம்பை எட்டிவிடுகிறார்கள். ஆகவே மெலிந்தவருக்கும் பருத்தவருக்கும் இம்மருந்து ஒரே அளவில் போவதைப் பார்த்துத் தவறு நடந்துவிட்டதாக எண்ண வேண்டாம்.

ரிட்டுக்சிமாப் உடலில் தங்கும் காலம் ஆளுக்கு ஆள் மாறுமா?

மாறும். ஜெர்மானிய ஆய்வுக் குழு ஒன்று, முதிய பெண்களின் உடலில் இம்மருந்து ஆண்களைவிட மெதுவாக வெளியேறுகிறது என்றும், உடல் எடையும் அதில் பங்கு வகிக்கிறது என்றும் கண்டது. முதிய ஆண்களுக்கு அளவைச் சதுர மீட்டருக்கு 500 மில்லிகிராமாக உயர்த்திப் பார்த்த சோதனையும் நடந்தது. எனினும் வழக்கமான அளவு சதுர மீட்டருக்கு 375 மில்லிகிராமாகவே தொடர்கிறது. இதற்கு மாறாக, தோலுக்கடியில் போடப்படும் ரிட்டுக்சிமாப் யாராக இருந்தாலும் 1,400 மில்லிகிராம்தான். எடையே கேட்கப்படாத மருந்துகள் இப்படிக் கூடிவருகின்றன. பெம்ப்ரோலிசுமாப், எப்கோரிட்டமாப் போன்றவையும் பெரியவர்களுக்கு நிலையான அளவில் தரப்படுபவையே. பிரென்டுக்சிமாப் வெடோட்டின் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: கிலோவுக்கு இவ்வளவு என்று கணக்கிட்டாலும், 100 கிலோவுக்கு மேற்பட்டவர்களை 100 கிலோவாகவே கொள்வார்கள்.

தண்டுசெல் மாற்றுச் சிகிச்சைக்குப் பருமன் தடையா?

பருமன் மட்டுமே தடையாகாது. ரத்த அணுக்களை உருவாக்கும், நோயாளியின் சொந்தத் தண்டுசெல்களைக் கொண்டு செய்யப்படும் மாற்றுச் சிகிச்சை பெற்ற லிம்ஃபோமா நோயாளிகளை ஆராய்ந்தபோது, எடைக் குறைவானவர்களின் இறப்பே கூடுதலாக இருந்தது. பருமனானவர்கள் இயல்பான எடையுடையவர்களை ஒத்தே இருந்தார்கள்.

எல்லா வகை லிம்ஃபோமாவுக்கும் இவை பொருந்துமா?

ஒரே அளவில் பொருந்தாது. லிம்ஃபோமா என்பது பல நோய்களின் குடும்பப் பெயர். ஆண்டுக்கணக்கில் மெதுவாக நகரும் ஃபாலிக்குலர் வகையில், சிகிச்சையே இல்லாமல் கண்காணிப்பில் மட்டும் இருப்பவர்கள் உண்டு; அவர்களுக்கு எடையைச் சீராக்க நேரம் இருக்கிறது, இதய நோயும் நீரிழிவும் லிம்ஃபோமாவுக்கு நிகரான அச்சுறுத்தலாகவும் இருக்கக்கூடும். ஹாட்ஜ்கின் வகை இளைஞர்களிடம் மிகுதி. பெரும்பாலோர் குணமாகிவிடுவதால், அங்கே எடை பற்றிய கவலை சிகிச்சைக்குப் பிந்தைய பல பத்தாண்டுகளைச் சார்ந்தது. இந்தப் பக்கத்தில் சொன்னவற்றின் பெரும்பகுதி பரவிய பெரிய பி-செல் வகையிலிருந்து கிடைத்தது.

பருமன்தான் எனக்கு லிம்ஃபோமாவை வரவழைத்ததா?

தனி ஒருவரைப் பற்றி அப்படிச் சொல்லவே முடியாது. புற்றுநோய் ஆராய்ச்சிக்கான பன்னாட்டு முகமை 2016-இல் 13 புற்றுநோய்களுக்குப் பருமனுடன் உள்ள தொடர்பு போதிய சான்றுடன் நிறுவப்பட்டதாக அறிவித்தது. பரவிய பெரிய பி-செல் லிம்ஃபோமா அப்பட்டியலில் இல்லை, “வரம்புக்குட்பட்ட சான்று” என்ற பிரிவில் வைக்கப்பட்டது. தன்னைத்தானே குற்றம் சாட்டிக்கொள்ள இதில் இடமில்லை.

சிகிச்சை தொடங்கும் முன் உணவைக் கட்டுப்படுத்தி எடையைக் குறைக்கலாமா?

தீவிரமான லிம்ஃபோமாவில் வேண்டாம். அந்த நேரத்தில் பட்டினியால் குறையும் எடையில் தசையும் சேர்ந்தே போகும். சிகிச்சையைத் தள்ளிப்போடவும் அது காரணமாகிவிடக் கூடாது. சிகிச்சை முடிந்து, நோய் கட்டுப்பட்டு, ரத்த அணுக்கள் மீண்ட பிறகு, உடற்பயிற்சியோடு சேர்த்து மெதுவாகக் குறைப்பதே முறை.

அப்போது குறைப்பதற்கு நல்ல காரணம் இருக்கிறது. டாக்சோரூபிசின் இதயத் தசையைப் பாதிக்கக்கூடிய மருந்து. ஆர்-சாப் ஆறு சுழற்சிகளில் சதுர மீட்டருக்கு மொத்தம் 300 மில்லிகிராம் சேர்கிறது. இது வழக்கமான பாதுகாப்பு எல்லைக்குள்ளேயே இருந்தாலும், பருமன், உயர் ரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவை கூட இருந்தால் இதயத்தின் மீதான சுமை பின்னாளில் வெளிப்படலாம். லிம்ஃபோமாவிலிருந்து மீண்டவர் இதய நோயால் இழக்கப்படுவது தவிர்க்கக்கூடிய துயரம்.

சிகிச்சையின்போது எடை குறைந்துகொண்டே வந்தால் என்ன செய்ய வேண்டும்?

அடுத்த சுழற்சி வரை காத்திருக்காமல் மருத்துவக் குழுவிடம் சொல்ல வேண்டும். வாய்ப்புண், குமட்டல், சுவை மாறுதல், மலச்சிக்கல், மனச்சோர்வு என்று காரணம் எதுவாயினும் பெரும்பாலானவற்றுக்கு மருந்து உண்டு; காரணம் தெரியாமல் “நன்றாகச் சாப்பிடுங்கள்” என்று வற்புறுத்துவது நோயாளிக்கும் வீட்டாருக்கும் இடையே பிணக்கையே வளர்க்கும். புற்றுநோய் நோயாளிகளுக்கு, எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்குக் குறைந்தது 1 கிராம், இயன்றால் 1.5 கிராம் வரை புரதம் தேவை என்பது ஐரோப்பிய ஊட்டச்சத்து வல்லுநர்களின் பரிந்துரை. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது 60 முதல் 90 கிராம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே இதைப் பின்பற்ற வேண்டும். புரதம் மட்டும் உண்டு படுத்தே இருந்தால் தசை தங்காது. உடல் அனுமதிக்கும் அளவுக்கு நடப்பதும், தசைக்கு வலுவூட்டும் எளிய பயிற்சிகள் செய்வதும் அவசியம்.

எனக்கு எடை கூடுகிறதே, அது நல்ல அறிகுறியா?

சில நேரம் ஆம். நோய் அடங்கிப் பசி திரும்பியதன் அடையாளமாக இருக்கலாம். ஆனால் ஆர்-சாப் முறையில் ஒவ்வொரு சுழற்சியிலும் ஐந்து நாள் தரப்படும் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு பசியைத் தூண்டும், நீரைத் தேக்கும், தசையைக் கரைக்கும். எண் ஏறியும் தசை இறங்கியும் இருக்கலாம். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ கூடி, காலில் வீக்கமோ படுத்தால் மூச்சுத்திணறலோ இருந்தால் அது உணவால் வந்த எடையன்று. இதயத்தைச் சோதிக்க அன்றே மருத்துவரை அணுக வேண்டும்.

உயரத்துக்கும் இதில் பங்கு உண்டா?

உயரமானவர்களுக்கு லிம்ஃபோமா வரும் வாய்ப்பு சற்றே கூடுதல் என்று சில ஆய்வுகள் காட்டுகின்றன. நோய் வந்த பின் நடைமுறையில் உயரத்தின் பங்கு மருந்தளவுக் கணக்கில்தான். அதனால் அதை ஒருமுறையாவது முறையாக அளக்கச் சொல்லுங்கள். நோயாளி நினைவிலிருந்து சொல்லும் உயரம், முதுகு வளைந்த முதியவர்களிடம் குறிப்பாக, உண்மையைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

வீட்டில் எடை பார்த்துக் குறித்து வைப்பதால் பயன் உண்டா?

உண்டு. வாரம் ஒருமுறை, ஒரே கருவியில், காலையில், சிறுநீர் கழித்த பின், உணவுக்கு முன் பார்த்துத் தேதியுடன் எழுதுங்கள். அக்குறிப்பின் தலைப்பில் நோய் வருவதற்கு முன்பிருந்த வழக்கமான எடையையும் எழுதி வைப்பது நல்லது. மருத்துவர் கேட்கும்போது பெரும்பாலோர்க்கு அதுதான் நினைவுக்கு வருவதில்லை. முந்தைய கணக்கிலிருந்து எடை 10 விழுக்காடு அளவுக்கு மாறியிருந்தால், மருந்தளவைப் புதிய எடையில் மீண்டும் கணக்கிட்டார்களா என்று ஊசி தொடங்கும் முன்பே கேளுங்கள்.